மரத்தை மொட்டையடிக்காதீர்கள்: வீட்டுப் பூமரத்துக்கும் பூச்செடிகளுக்கும் கவாத்து செய்வது எப்படி

கேள்வி இதுதான். தாம்பரம் பக்கம் சொந்த வீடு. வாசலில் பத்து வயதுப் பெருங்கொன்றை ஒன்று மாடியைத் தாண்டிப் போய்விட்டது, அதன் ஒரு கிளை மின்கம்பிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மதில்மேல் காகிதப்பூ முள்ளும் இலையுமாக நிற்கிறது, பூவைக் காணோம். செம்பருத்தி நெட்டையாகப் போய் நுனியெல்லாம் மாவுப்பூச்சி. இவை போகக் குண்டுமல்லி, ரோஜா, அரளி, ஓரத்தில் இட்லிப்பூ வேலி. மரம் வெட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே நாள்ல கழிச்சுடலாம் சார், மரத்தை ரெண்டு ஆள் உயரத்துல மொட்டை அடிச்சா ரெண்டே மாசத்துல குப்புனு துளிர்த்துடும்" என்கிறாராம். செய்யலாமா?

செய்யாதீர்கள். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை, துளிர்க்கத்தான் செய்யும். முருங்கையையும் பூவரசையும் கிளுவையையும் வெட்டி வெட்டித் துளிர்க்கவிட்டுப் பழகிய ஊர் நம்முடையது, அதனால் எந்த மரத்தையும் அப்படிச் செய்யலாம் என்று நினைத்துவிடுகிறோம். முருங்கையைக் காய்க்காகவும் கீரைக்காகவும் வெட்டுகிறோம், அதன் மரக்கட்டை வலுவாக இருக்கிறதா இல்லையா என்ற கவலை யாருக்கும் இல்லை. வீட்டு வாசலில் நாற்பது வருடம் நிற்கப்போகிற, அடியில் குழந்தைகள் விளையாடி, வண்டி நிறுத்துகிற மரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கவாத்தில் எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

மொட்டையடித்த மரம் ஏன் அவ்வளவு வேகமாகத் துளிர்க்கிறது என்று பாருங்கள். இலைதான் மரத்துக்குச் சோறு சமைக்கிறது. மொத்த இலையும் ஒரே நாளில் போய்விட்டால் வேருக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்து, பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறது மரம். நீங்கள் பார்க்கிற அந்தக் குப்பென்ற பச்சை, மரம் செழித்ததற்கு அடையாளம் இல்லை, பட்டினியில் கையிருப்பைச் செலவழிப்பதற்கு அடையாளம். இப்படி வருகிற போத்துகள் நேர்க்குத்தாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஒரு வருடத்திலேயே ஆள் உயரத்துக்கு மேல் வளரும். சாதாரணக் கிளை அப்படி வருவதில்லை. அது தண்டோடு சேர்ந்தே ஒவ்வொரு வருடமும் பருத்து, அடிப்பாகம் தண்டின் மரத்துக்குள் ஆழமாகப் பின்னிப்போயிருக்கும். போத்து மேல்தோலுக்கு அடுத்த ஓர் அடுக்கில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பருத்துக் கனக்கும் நேரத்தில், அதற்குக் கீழே நீங்கள் குறுக்கே வெட்டிவிட்ட தடிமனான முனை மழைத்தண்ணீர் இறங்கி உளுத்துப்போயிருக்கும். மூன்று நான்கு வருடம் கழித்து ஒரு காற்றடித்தால் கிளை அடியோடு பிய்ந்து விழும். உயரம் குறைய வேண்டும் என்று வெட்டினீர்கள், பழைய உயரம் திரும்ப வந்துவிட்டது, முன்பைவிட வலுவில்லாமல் வந்திருக்கிறது, இனி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். அலெக்ஸ் ஷைகோ, 1930 முதல் 2006 வரை வாழ்ந்த அமெரிக்கர், அந்நாட்டு வனத்துறையில் தாவர நோயியல் ஆய்வாளர். மோட்டார் ரம்பம் கைக்கு வந்த காலத்தில், வெட்டுப்பட்ட மரங்களை ஆயிரக்கணக்கில் நெடுக்காக அறுத்துத் திறந்து, காயத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர். நம் தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே புதுத் திசு உண்டாகிக் காயம் ஆறுகிறது. மரம் அப்படிச் செய்வதில்லை, அதற்குப் பழுதான மரக்கட்டையைத் திரும்பச் செய்யத் தெரியாது. அதைச் சுற்றி ரசாயனத் தடுப்புகளை எழுப்பி, அழுகல் அதற்கு அப்பால் பரவாமல் அடைத்துவிட்டு, மேலே புது மரத்தை வளர்த்து மூடிக்கொள்கிறது. பழைய காயம் உள்ளே அப்படியே இருக்கும். 1977இல் வெளியான அவருடைய அறிக்கையில் இந்தத் தடுப்புகளை நான்கு சுவர்களாகப் பிரித்துக் காட்டியிருந்தார். உலகம் முழுக்க மரம் வெட்டும் முறை அதற்குப் பிறகு மாறியது. நம் தெருக்களில் இன்னும் மாறவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்தத் தடுப்பில் மிக வலுவானது எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாம் வெட்ட வேண்டும். உங்கள் பெருங்கொன்றையின் ஏதாவது ஒரு நடுத்தரக் கிளை தண்டோடு சேரும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். கிளையின் அடிப்பக்கம், தண்டைத் தொடும் இடத்தில், ஒரு தடிப்பு புடைத்துக்கொண்டிருக்கும், சிலவற்றில் நன்றாகத் தெரியும், சிலவற்றில் விரலால் தடவினால்தான் தெரியும். மேல்பக்கம், கிளைக்கும் தண்டுக்கும் நடுவே இடுக்கில், பட்டை சுருங்கிக் கறுத்து ஒரு வரியாக இரண்டு பக்கமும் இறங்கும். கீழே இருப்பதைக் கழுத்து என்போம், மேலே இருப்பதை வரி என்போம். இரண்டையும் தொடாமல், இரண்டுக்கும் ஒட்டி வெளியே வெட்டுங்கள். வெட்டு பெரும்பாலும் தண்டுக்கு இணையாக இருக்காது, கீழ்ப்பக்கம் சற்று வெளியே தள்ளிச் சாய்வாக வரும், வரவேண்டும். தண்டோடு வழவழவென்று செதுக்கி எடுத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் கழுத்தை வெட்டியெறிந்துவிட்டீர்கள், அதோடு தடுப்பும் போயிற்று, காயமும் இரண்டு மடங்கு பெரிது. அரை அடி கட்டையை நீட்டிக்கொண்டு விட்டால் அது காய்ந்து, கறையானுக்கும் காளானுக்கும் உள்ளே போக வழியாகிவிடும், மரம் அந்தக் கட்டையைத் தாண்டி மூடவே முடியாது.

சரியாக வெட்டினோமா என்பதை மரமே பிறகு காட்டிவிடும். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். காயத்தைச் சுற்றிப் புதுப் பட்டை ஒரே பருமனில் வட்டமாக உருண்டு வந்திருந்தால் வெட்டு சரி. இடது வலது ஓரங்களில் மட்டும் பருத்து, மேலும் கீழும் ஒன்றும் வராமல் கண் வடிவத்தில் நின்றால், கழுத்து போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் தெருவில் இருக்கும் மரங்களின் பழைய வெட்டுகளை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள், வேறு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கை மணிக்கட்டை விடத் தடித்த கிளை என்றால் ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். பாதி அறுபடும்போதே கனம் தாங்காமல் கிளை முறிந்து, கீழ்ப்பக்கப் பட்டையைத் தண்டு நெடுக உரித்துக்கொண்டு போய்விடும். அந்தக் காயத்தை எந்த மரமும் லேசில் மூடாது. மூன்று வெட்டாகச் செய்யுங்கள். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுத்து நிறுத்துங்கள். அதற்கு இரண்டு விரல்கடை வெளியே, மேலிருந்து கீழாக முழுதும் அறுங்கள், கிளை அந்த முதல் வெட்டு வரை பிளந்துகொண்டு வந்து அங்கேயே நின்று விழும். இப்போது மீதி இருக்கும் கனமில்லாத முண்டை, கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்கு வெளியே நிதானமாக அறுத்தெடுங்கள். இதற்கு அரிவாள் வேண்டாம். அரிவாள் கொத்தினால் முனை நார் நாராகப் பிளக்கும், குறி ஓர் அங்குலம் தவறினால் தண்டில் வெட்டு விழும். மடக்கு ரம்பம் ஒன்று வாங்கிக்கொடுத்து, இதில்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தொரட்டியால் இழுத்து முறிக்கிற வேலையும் வேண்டாம், அதில் பட்டை உரியாமல் வருவது அபூர்வம்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணி, மஞ்சள் பூசலாமா என்று அடுத்த கேள்வி வரும். பெரிய மரத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஷைகோவின் ஆய்விலேயே இது தெளிவாகிவிட்டது, பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை, சில நேரம் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலுக்குத்தான் உதவுகிறது. சரியான இடத்தில் வெட்டிவிட்டுக் காற்றாட விடுங்கள். ரோஜாவுக்கு மட்டும் நான் விதிவிலக்கு வைப்பேன், காரணம் கீழே வரும்.

சரி, மொட்டையடிக்கவும் கூடாது என்றால் மாடிக்கு மேல் போன மரத்தை என்ன செய்வது? முதலில் உயரம் உண்மையிலேயே தொந்தரவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடிக்கு மேல் நிழல் விழுந்தால் மே மாதத்தில் உங்கள் வீடு அடையும் நன்மையை எந்தக் குளிர்சாதனமும் இலவசமாகத் தராது. தொந்தரவுதான் என்றால், நீண்டுபோன கிளையை நடுவில் வெட்டாமல், அதிலிருந்தே பிரிகிற ஒரு பக்கக்கிளை வரைக்கும் பின்னுக்கு வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது நுனியின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், தண்டில் உறங்கும் மொட்டுகளை மரம் எழுப்பாது. ஒரு வருடத்தில் உயிருள்ள இலைத்தொகுதியில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், வயதான மரத்தில் அதுவும் அதிகம். முதலில் பட்டுப்போனவை, அப்புறம் ஒன்றோடொன்று உரசுபவை, அப்புறம் உள்நோக்கி வளர்பவை, இவற்றை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பாதி நேரம் இனி ஒன்றுமே வெட்ட வேண்டியதில்லை என்று தோன்றும்.

இரண்டு கிளைகள் ஒரே பருமனில், இடுக்கு குறுகலாக, ஆங்கில வீ எழுத்துபோலப் பிரிகிற இடம் இருந்தால் அதைக் கவனியுங்கள். இடுக்குக்குள் பட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கிளைகளும் ஒட்டாமலே வளர்ந்திருக்கும், புயலில் மரம் பிளப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இளமரமாக இருந்தபோதே ஒன்றை எடுத்திருக்க வேண்டும். இப்போது, இரண்டில் மெலிந்ததைப் படிப்படியாக, மேலே சொன்ன மாதிரிப் பக்கக்கிளை வரை பின்வாங்கிக் கனத்தைக் குறையுங்கள்.

இன்னொரு தப்பு நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. மரம் ஏறுபவர் தனக்குக் கை எட்டுகிற உள்கிளைகளை எல்லாம் சுத்தமாகக் கழித்துவிட்டு, எட்டாத நுனியில் மட்டும் கொத்தாக இலையை விட்டுவிட்டு இறங்குவார். கீழிருந்து பார்த்தால் காற்றோட்டமாகத் தெரியும். ஆனால் மொத்தக் கனமும் நுனிக்குப் போய்விட்டது, உள்கிளைகள் இருந்தால் காற்றின் ஆட்டத்தை அவை பங்குபோட்டுக்கொள்ளும், இப்போது கிளை முழுதாக வளைந்து ஆடி நடுவில் முறியும். மழைக்கு முன் மரத்தை லேசாக்குகிறேன் என்று செய்கிற வேலை மரத்தைப் புயலுக்குத் தயாராக முறித்து வைப்பதாக முடிகிறது. கிளைகளைக் குறைப்பதென்றால் வெளி ஓரத்திலிருந்து, சின்னச் சின்ன கிளைகளாக, மரம் முழுவதும் பரவலாக எடுக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. வேகமாக வளர்கிற, கட்டை வலுவில்லாத அழகு மரங்கள், குறிப்பாகக் குல்மோகர் என்கிற செம்மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும், அதில் நிறைய. மரத்தின் இயல்பு ஒரு காரணம், மேலே தாறுமாறாக வெட்டியது ஒரு காரணம், கீழே நடைபாதைக்கும் குழாய்க்கும் வேரை வெட்டிவிட்டு அடியைச் சிமென்ட் போட்டு மூடியது இன்னொரு காரணம். ஆகவே உங்கள் வாசலில் தண்டைச் சுற்றிக் குறைந்தது நான்கடிக்கு மண் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேர் பிடிப்பில்லாத மரத்துக்கு மேலே எவ்வளவு அழகாகக் கவாத்து செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

மின்கம்பிப் பக்கம் சாய்ந்த கிளையை நீங்களும் தொடாதீர்கள், மரம் வெட்டுகிறவரையும் தொடவிடாதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவர்கள் வெட்டட்டும். பச்சைக் கிளையும் ஈரமான மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதில் உயிர் போகிறது. அவர்கள் வரும்போது நீங்கள் பக்கத்தில் நின்று, எந்தக் கிளை, எந்த மூட்டு வரை என்று காட்டுங்கள், இல்லையென்றால் கம்பிக்குக் கீழே தட்டையாகச் சீவிவிட்டுப் போய்விடுவார்கள். மரம் மதிலுக்கு வெளியே தெருவில் நின்றால் அது உங்கள் மரம் இல்லை, மாநகராட்சியிடம் அனுமதி வாங்கித்தான் கை வைக்க வேண்டும். அப்புறம், வெட்டுகிறவரிடம் கூலி பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் விறகை அவரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு இருக்கும். விறகு அவருக்கு என்றால் தடித்த கிளையாகப் பார்த்துத்தான் கை போகும், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாள் கூலியாகப் பேசி, விறகு பற்றிய பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் வெட்ட வேண்டிய கிளைகளில் சுண்ணாம்பாலோ கலர்த் துணியாலோ குறி வைத்துவிடுங்கள், மேலே கூடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் அந்தக் கிளையை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் எதுவும் குடிமுழுகிவிடாது.

இனிச் செடிகளுக்கு வருகிறேன். எந்தச் செடியிலும் நுனிமொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அது இருக்கும்வரை பக்கமொட்டுகள் விழிக்காது. நுனியைக் கிள்ளினால் அதற்கு அடுத்த கணுவில் இருக்கும் மொட்டுகள் கிளம்பும். எனவே வெட்டுகிற கணுதான் அடுத்த கிளை எந்தத் திசையில் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. வெளிப்பக்கம் பார்த்திருக்கிற மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக வெட்டினால் தண்ணீர் மொட்டின்மேல் வழியாது, கிளை வெளிப்பக்கம் போகும், செடியின் நடுவில் வெளிச்சம் விழும். அடுத்து, இந்தச் செடி பூப்பது புதுத் துளிரிலா, பழைய கிளையிலா என்று தெரிந்திருக்க வேண்டும். செம்பருத்தி, ரோஜா, மல்லி, காகிதப்பூ, அரளி, இட்லிப்பூ எல்லாம் புதுத் துளிரில் பூப்பவை, ஆகவே வெட்டினால்தான் பூ. சரக்கொன்றைபோலக் கோடையில் ஒரே மூச்சில் பூக்கிற மரத்தைத் தை, மாசியில் வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டுகிறீர்கள், பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். பவளமல்லியை மழைக்காலப் பூ ஓய்ந்த பிறகு தையில் கழிக்கலாம்.

உங்கள் காகிதப்பூ ஏன் பூக்கவில்லை என்பதற்கு அந்த முள்ளே பதில். காகிதப்பூவில் இலைக்கு மேல் இடுக்கில் ஒரு முளை இருக்கும், அது முள்ளாகவும் ஆகலாம், பூக்கொத்தாகவும் ஆகலாம். தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைத்து, நிழலும் இருந்தால் முள். வெயில் முழுதாகப் பட்டு, மண் கொஞ்சம் காய்ந்தால் பூ. தினமும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டு, சாணி எருவும் போட்டு வளர்த்தால் சாட்டை சாட்டையாக முள்கொடிகள்தான் வரும். இப்போது ஆவணி. நீண்ட கொடிகளில் எல்லாம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டியெடுங்கள், அடியிலிருந்து நேர்க்குத்தாக வரும் தடித்த சாட்டைகளில் இரண்டு மூன்றை முழுதும் எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மறுபடி துளிர்த்து நீளும், கவலை வேண்டாம். மார்கழி கடைசியில் எல்லா நுனிகளையும் இரண்டு மூன்று கணு அளவுக்குக் கிள்ளிவிட்டுத் தண்ணீரை நிறுத்துங்கள், இலை லேசாக வாடுகிற நிலைக்கு வந்த பிறகு மட்டும் விடுங்கள். ஆறு எட்டு வாரத்தில் நிறம் வரும். அந்தப் பூச்சுற்று உதிர்ந்ததும் மறுபடி நுனியைக் கிள்ளினால் அடுத்த சுற்று. மதிலுக்கு நிழல் தருவது அந்தப் பெருங்கொன்றையேதான் என்றால் அதன் தாழ்ந்த கிளைகளில் ஒன்றிரண்டை எடுத்து வெயிலுக்கு வழிவிடுங்கள், ஒரு நாளில் ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

செம்பருத்தியை ஒரே நாளில் தரைமட்டத்துக்கு இறக்காதீர்கள். பிள்ளையாருக்குத் தினமும் பூ பறிக்கிற வீடாக இருந்தால் மூன்று மாதம் பூ இல்லாமல் நிற்பீர்கள். செடியில் இருக்கும் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள், ஒரு மாதம் கழித்து அடுத்த மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் மீதி. முதலில் வெட்டியது துளிர்த்துப் பூக்க வரும் நேரத்தில் கடைசியை வெட்டுவீர்கள். மாவுப்பூச்சி பிடித்த நுனிகளை முதல் நாளே, பூச்சி கீழே உதிராமல், அடியில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு வெட்டிக் கட்டி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு திரும்ப வந்து ஏற்றிவிடும். தண்டில் எறும்புச்சாரி போகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே எறும்புதான். வெட்டிய பிறகு மீதித் தண்டுகளில் வேகமாகத் தண்ணீரை அடித்துக் கழுவி, தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும்.

குண்டுமல்லிக்கு மதுரை, நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் செய்வதைப் பாருங்கள், அவர்களுக்குப் பூவின் நேரம் தவறினால் பணம் போய்விடும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டச் சொல்கிறது. முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. நம் சென்னைப் பக்கம் நவம்பரில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், வெட்டிய முனையில் பூஞ்சணம் ஏறிவிடும், அதனால் மழை விட்டதும் மார்கழியில் வெட்டுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரைக் குறைத்து, பட்ட தண்டு, நோஞ்சான் தண்டு எல்லாவற்றையும் அடியோடு எடுத்து, மீதியை ஒன்றரை அடியில் நிறுத்தி, இலைகளையும் உருவிவிட்டு, பிறகு எரு வைத்துத் தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மூன்று மொட்டாக வரும். இப்போது ஆவணியில் மல்லியில் கை வைக்காதீர்கள்.

ரோஜாவின் கவாத்தையும் மழைக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுச்செடி என்றால் தடித்த நல்ல தண்டுகளாக நான்கைந்தை மட்டும் வைத்து, முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். ஒட்டுப்போட்ட முண்டுக்குக் கீழேயிருந்து வரும் போத்தை, கத்தரியால் வெட்டாமல், மண்ணை விலக்கி அது புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள், வெட்டினால் அங்கேயே நான்காக வரும், அதெல்லாம் காட்டு ரோஜா. ரோஜாவில் வெட்டிய முனையிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்குகிற நுனிக்கருகல் நோய் உண்டு, நம் ஈரக்காற்றில் அது சீக்கிரம் பிடிக்கும், அதனால் இதற்கு மட்டும் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணக்கொல்லி) தடவச் சொல்கிறேன். ஏற்கெனவே கறுத்த தண்டு இருந்தால் உள்ளே வெள்ளையாக, பழுப்பே இல்லாத இடம் வரும்வரை கீழே வெட்டிக்கொண்டே போங்கள். வாடிய பூவை எடுக்கும்போது காம்பை மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு மேல் வெட்டினால் அடுத்த தண்டு வலுவாக வரும்.

இட்லிப்பூ வேலி பற்றி ஒரு வார்த்தை. பெரிய வேலிக்கத்தரியால் மாதாமாதம் சதுரமாகச் சீவினால் பூ வராது. அது பூப்பது நுனியில், நீங்கள் சீவுவதும் நுனியை. பூக்கொத்து காய்ந்ததும் கீழே இரண்டு கணு இறங்கி வெட்டுங்கள், அவ்வளவுதான். வேலி எதுவானாலும் மேலே குறுகலாக, அடியில் அகலமாக இருக்கட்டும், இல்லையென்றால் அடிப்பக்கம் வெயில் படாமல் மொட்டையாகிவிடும்.

அரளியில் இலை மூன்று மூன்றாகச் சேர்ந்து வரும், அந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் பெரும்பாலும் மூன்று துளிர் கிளம்பும், இரண்டு முறை வெட்டினாலே நல்ல அடர்த்தி. ஆனால் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், வெட்டியதை எரிக்கவே கூடாது, புகையும் விஷம்தான். ஆடு மாடு வாய் வைக்கிற இடத்தில் போட்டுவிடவும் கூடாது. மஞ்சள் அரளிக்கும் இதே எச்சரிக்கை.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். விரல் பருமன் வரைக்கும் கைக்கத்தரி. அதில் இரண்டு வகை கிடைக்கும், ஓர் அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு தாண்டிப்போகிற வகையை வாங்குங்கள். தட்டையான தகட்டின்மேல் அலகு வந்து அமுங்குகிற வகை பச்சைத் தண்டை நசுக்கும், அது காய்ந்த குச்சிக்குத்தான் லாயக்கு. மெல்லிய அலகு செடியில் நிற்கப்போகும் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். அதற்கு மேல் பருமன் என்றால் மடக்கு ரம்பம். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது ஸ்பிரிட் நனைத்த துணியால் அலகைத் துடைத்துவிடுங்கள், நோய்பட்ட ரோஜாவுக்குப் பிறகு கட்டாயம்.

ஆக உங்கள் வீட்டில் இந்த மாதம் செய்ய வேண்டியது பெருங்கொன்றையும் காகிதப்பூவும் செம்பருத்தியில் முதல் பங்கும்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும், அதற்குள் மரத்து வேலையை முடித்தால் காயத்தின் மேல்வாய் காய நேரம் இருக்கும். மல்லியும் ரோஜாவும் மார்கழிக்கு. கத்திரி வெயிலில் எதையும் கடுமையாக வெட்டாதீர்கள், அதுவரை நிழலில் இருந்த பட்டையில் நேர்வெயில் விழுந்து வெந்து வெடித்துவிடும். மரத்தில் வெட்டிய இடங்களுக்குப் பக்கத்தில் மழைக்குப் பிறகு சில போத்துகள் எப்படியும் எட்டிப்பார்க்கும். பென்சில் பருமன் ஆகும்வரை காத்திருக்காமல், விரல் நீளம் இருக்கும்போதே கட்டைவிரலால் தள்ளி உதிர்த்துவிடுங்கள், அந்த வயதில் கத்தரிகூடத் தேவையில்லை. எந்தக் கிளையை வைப்பது எதை எடுப்பது என்று சந்தேகம் இருந்தால், மரத்தை நான்கு பக்கமும் நின்று படம் எடுத்து அனுப்புங்கள், வெட்டுவதற்கு முன்பே அனுப்புங்கள்.